வேலை போகாதவன் வீட்டுத் துக்கம்

போடி ரயில் நிலையத்தில் பாண்டியராஜன் இறங்கியபோது ஆட்டோக்காரர் பேரம் பேசவில்லை. அதிலேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும். போடியில் ஓர் ஆட்டோக்காரர் பேரம் பேசாமல் பையை வாங்கி உள்ளே வைக்கிறார் என்றால் வண்டியில் ஏறுகிறவன் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். "ஏறு அப்பு" என்றார். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. இறக்கிவிட்டு, அவன் கொடுத்ததை எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அம்மா அய்யம்மாள் வாசலில் நின்றாள். மகன் படியில் கால் வைத்ததுமே "எலும்பும் தோலுமா வந்துருக்கியேடா" என்று ஆரம்பிப்பவள் அன்றைக்கு ஒரு சொம்பு தண்ணீரை நீட்டிவிட்டு அவன் தலையை ஒரு தடவை தடவினாள். "குளிச்சுட்டு வா, சாப்புடுவோம்." அவ்வளவுதான். பெங்களூரில் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காதவனுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி வந்தாள். தெருவில் யார் வீட்டில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கணக்குச் சொல்லக்கூடியவள், வந்து சுவரோரமாக உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு எழுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அடுத்து எதிர்வீட்டுக் கணவன் மனைவி. அவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள், "என்னத்தச் சொல்ல" என்றார்கள், எழுந்து போனார்கள். மாவு மில்காரர் வந்தார், போனார். வந்த யாரும் 'வர்றேன்' என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பாண்டியராஜனுக்குச் சுருக்கென்றது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போனால் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவார்கள். அது சாவு வீடு. துக்கம் கேட்கப் போன இடத்தில் 'போயிட்டு வர்றேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். அவன் அடுப்படிக்கு ஓடினான்.

"யாரும்மா செத்தது?"

அய்யம்மாள் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். "நீ மறைச்சா எனக்குத் தெரியாதா அப்பு? டிவியில ஒரு நாள் பூரா அதத்தான் ஓட்டுனாக. ஒங் கம்பெனிப் பேரு போட்டு, ஆளெல்லாம் அட்டப்பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய வர்றத காமிச்சாக. போன்ல நீ 'ஆபீஸ்ல கொஞ்சம் பிரச்சன, ஒரு வாரம் வர்றேன்'னு சொல்றப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு."

செய்தி பொய்யில்லை. பேரைச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும் அந்தப் பெரிய வீடியோ கேம் கம்பெனி, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்களை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பெங்களூர் அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. எல்லாம் உண்மை. ஒன்றே ஒன்றுதான் உண்மையில்லை. பாண்டியராஜனுக்கு வேலை போகவில்லை.

போகவில்லை என்பதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கேமில் இருக்கும் பிழைகளைத் தேடிப் பிடிக்கும் ஒரு குழுவுக்கு அவன் தலைவன். உன் ஆட்களில் யாரை அனுப்பலாம், நீயே சொல் என்று மேலிடத்தில் கேட்டார்கள். சொன்னான். அவன் வாயிலிருந்து வந்த முதல் பேர் சுசித்ரா. ராசிங்காபுரத்துப் பெண். போடியில் தேவாரம் போகும் பஸ்சில் ஏறினால் நடுவழியில் இறங்கிவிடலாம், அத்தனை பக்கம். அந்த அலுவலகத்தில் அவனை 'அண்ணே' என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் அவள். அவள் பேரை ஏன் முதலில் சொன்னான் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் அவனுக்குக் காது சுடும்.

வேலை போன விஷயத்தை வீடியோ கூட்டம் போட்டுத்தான் சொன்னார்கள். சொன்னது வேறு யாரோ ஓர் அதிகாரி. பாண்டியராஜனும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. இருந்தான், கேமராவை அணைத்துவிட்டு. அவர்கள் அழுதது அவனுக்குத் தெரிந்தது. அவன் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே சுசித்ரா இணையத்தில் எழுதினாள். 'எங்கள் குழுத் தலைவர் கேமராவை அணைத்து வைத்திருந்தார். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு முகத்தைக் காட்டக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.' பேர் போடவில்லை. அதன் கீழே உலகமே வந்து கூடிவிட்டது. சிலர் அழுதார்கள். சிலர், 'போன தடவை விட்ட கேம்ல கார் எல்லாம் ரோட்டுக்குள்ள புதைஞ்சு போச்சு, இவங்களைத் தூக்கினது சரிதான்' என்று கைகொட்டினார்கள். இனி அந்தக் கேமைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்ட ஒருவன் அடுத்த பத்தாவது நிமிடம் அதில் தான் ஜெயித்த படத்தைப் போட்டான். ஆனால் கேமராவை அணைத்தவன் விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. அவனுடைய பிறப்பு, வளர்ப்பு எதையும் விட்டுவைக்கவில்லை. பாண்டியராஜன் ஒன்று விடாமல் படித்தான். பேர் தெரியாமலே இவ்வளவு திட்டு வாங்க முடியுமென்று அன்றுதான் தெரிந்துகொண்டான். அதைத் தாங்க முடியாமல்தான் ஊருக்கு ஓடிவந்தான்.

இப்போது அம்மா அழுதுகொண்டிருந்தாள். "இல்லம்மா, எனக்கு வேலை..." என்று தொடங்கினான்.

"போனாப் போகுது சாமி. உசுரு இருக்குல்ல" என்று அவன் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கன்னத்தின் சூட்டில் அவன் வாய் மூடிக்கொண்டது. இரண்டு வாரமாக ஒருவரும் அவனிடம் அன்பாக ஒரு சொல் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். உலகத்தில் கோழைகள் எல்லாம் கண்டுபிடித்து வைத்த வார்த்தை அந்த 'நாளைக்கு'.

மறுநாள் கூட்டம் இன்னும் கூடியது. இது சாவா, நோயா என்று ஊருக்கே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே செய்தார்கள். முகத்தைத் துக்க வீட்டுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு, கையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மாதிரி ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொண்டுவந்தார்கள். பெஞ்சின் மேல் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன.

அவன் என்ன வேலை பார்த்தான் என்பதிலும் ஊரில் பல கருத்து. "கம்ப்யூட்டர்ல வெளையாடுறதுக்கு சம்பளமா? அப்ப இத்தன நாள் குடுத்ததே லாபந்தான்" என்றார் மாவு மில்காரர். காளீஸ்வரி ரகசியமாக அய்யம்மாளிடம் கேட்டாள், "பையன் நெறையா ஆட்டத்துல தோத்துட்டானாக்கும்? தோத்தா எடுத்துருவாகளோ?" அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்த உத்தமபாளையத்து வீட்டுக்காரர்கள் போன் செய்து, ஜாதகத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்கள். ஜாதகம் போன மாதம்வரை நன்றாகத்தான் இருந்தது.

சிரிக்க வேண்டிய சங்கதிகள். பாண்டியராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு உண்மையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரக்கம் அவனுக்கு இனித்தது. யாராவது "மனச விட்றாத அப்பு" என்று தோளைத் தொடும்போது நிஜமாகவே கண் கலங்கியது. வேலை போனவன் போலவே உட்கார்ந்து, வேலை போனவன் போலவே சோற்றைப் பிசைந்தான். சுசித்ராவுக்கும் மற்றவர்களுக்கும் போய்ச் சேர வேண்டிய ஆறுதலைப் பாதி வழியில் மறித்து நின்று இவன் வாங்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் சாதிக் பாட்சா வந்தார். ஏலக்காய் வியாபாரி. மலையில் மெட்டுக்கு மேலே சொந்தமாக ஓர் ஏலத்தோட்டமும் உண்டு. அய்யம்மாள் இள வயசில் அந்தத் தோட்டத்தில் காய் எடுத்தவள். மற்றவர்களைப் போல அவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது.

"இப்புடி வீட்டுக்குள்ளயே கெடந்தா புத்தி பேதலிச்சுப் போகும். காலையில வெரசா கெளம்பு அப்பு. ஜீப்பு வரும். எங்கூட மேல வந்துட்டு வா."

காலையில் ஜீப்பு வந்தது. காய் எடுக்கப் போகிற பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சாதிக் பாட்சாவுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் பாண்டியராஜனுக்கு இடம் கொடுத்தார்கள். ஓட்டுநர் ஐம்பது வயசுக்காரர், அதிகம் பேசாதவர். பெயர் அன்புச்செல்வன் என்று பாட்சா சொன்னார். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி வளைவுகள் ஏற ஏற வெயில் பின்னால் நின்றுவிட்டது, காது அடைத்தது, காற்றில் ஈரம் வந்தது.

தோட்டத்தில் அவன் கதை அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஏலச் செடிகளுக்கு அடியில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "அய்யம்மாக்கா மகனா? படிச்ச புள்ளைக்கே இந்தக் கதியா?" ஒருத்தி தன் தூக்குவாளியைத் திறந்து அவள் குடிக்க வைத்திருந்த காப்பியை மூடியில் ஊற்றி நீட்டினாள். மேற்பார்வை பார்க்கும் மலையாளத்துக்காரர் முதுகைத் தட்டி, "சாரமில்ல மோனே, வேற சோலி கிட்டும்" என்றார். அவன் காப்பியைக் குடித்தான். அவளுக்கு மத்தியானம்வரை வேறு காப்பி கிடையாது என்பது குடித்து முடித்த பிறகே புத்தியில் பட்டது.

பாட்சா, காய் காய வைக்கிற ஸ்டோருக்குள் போனார். ஜீப்பின் அருகில் பாண்டியராஜனும் ஓட்டுநரும் மட்டும் நின்றார்கள். ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக தம்பி. எம் மகளும் அந்தக் கம்பெனிதான். அதையும் எடுத்துட்டாக. ராசிங்காபுரத்துலதான் இருக்கு இப்ப."

"பேரு?" என்றான், தெரிந்துகொண்டே.

"சுசித்ரா. போடிக்கார அண்ணன் ஒருத்தருதான் எங்க லீடுன்னு சொல்லும். நீங்கதானா அது?"

"ஆமா."

"அடக் கடவுளே. அப்ப ஒங்களையுமா தூக்குனாக!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அது தெரியாம ஒங்களத் திட்டி போன்ல என்னமோ எழுதி வச்சுருச்சு தம்பி. ஊரே படிச்சுச்சாம். பாவம், நீங்களும் இப்புடி நிக்கிறது அதுக்குத் தெரியாதுல்ல? நாளைக்குக் கூட்டியாந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்."

"அதெல்லாம் வேண்டாண்ணே" என்றான் பாண்டியராஜன். இல்லை, என்னைத் தூக்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சுற்றி ஆளில்லை. மலை கேட்டால் மலை யாரிடமும் போய்ச் சொல்லாது. சொல்லியிருக்கலாம். அவன் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டினான்.

இறங்கும்போது பாட்சா உற்சாகமாக இருந்தார். "அப்பு, நான் யோசிச்சுட்டேன். ஏலக்காய் ஏலம் விடுற மையத்துல இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் வெல கேக்கணும். எனக்குக் கண்ணு சரியில்ல. நான் பக்கத்துல ஒக்காந்து காயப் பாத்துச் சொல்லுவேன், நீ அமுக்கணும். அம்புட்டுத்தான் சோலி. பெங்களூர்ல வேற கெடைக்கிற வரைக்கும் எங்கூட இரு. வெள்ளிக்கிழம வந்து ஒக்காரு. ஒங்கம்மாவுக்கும் நிம்மதி."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். உண்மையைத் தவிர வேறு காரணம் ஒன்றும் அவனிடம் இல்லை. "பாக்கலாம் பாய்" என்றான். பாட்சா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டே வண்டியை வளைவில் திருப்பினார்.

மறுநாள் காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். சுசித்ரா மெலிந்திருந்தாள். முடியை அவசரத்தில் கட்டியிருந்தாள். அய்யம்மாள் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். காளீஸ்வரி வழக்கம்போல முன்பே வந்து சுவரோரமாக இடம் பிடித்திருந்தாள்.

"அண்ணே, அந்தப் பதிவ நான் எடுத்துட்டேன்" என்றாள் சுசித்ரா. "ஒங்களயும் எடுக்கப்போறாங்கன்னு தெரிஞ்சுதான் நீங்க கேமராவ அணைச்சு வச்சுருந்தீங்கன்னு அப்பா சொல்லித்தான் புரிஞ்சுச்சு. அழுதுக்கிட்டு இருந்திருப்பீங்க. நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தத எழுதிட்டேன். ஒங்கள எத்தன பேரு திட்டிட்டாங்க! மன்னிச்சுருங்கண்ணே."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்களே, அது எப்படியிருக்கும் என்று பாண்டியராஜனுக்குத் தெரிந்தது. அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

நடுவில் அய்யம்மாள் தன் பங்குக்குப் பெருமை பேசினாள். "ஆண்டவன் ஒரேயடியாக் கைவிடல தாயி. பாய் கூப்புட்டுருக்காக. வெள்ளிக்கிழமயிலருந்து ஏல மையத்துல இவனுக்குச் சோலி."

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர் சிரிக்க முயன்றார். "தெரியும்மா. எங் காதுபடத்தான் சொன்னாக. அந்த எடத்த நான் போன வாரமே இந்தப் புள்ளைக்காகத்தான் கேட்டு வச்சுருந்தேன். பாய்க்கு ஞாபகம் இல்ல போல. பரவால்ல. தம்பி ஆம்பளப் புள்ள, கல்யாணம் காச்சி பேசிக்கிட்டு இருக்கீக. தம்பியே போகட்டும்."

"ஆமாண்ணே, நீங்களே போங்க" என்றாள் சுசித்ரா. பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். யாரு என் பேரக் குடுத்தாங்க? நீங்க லீடா இருந்தவங்க, ஒங்க காதுல விழுந்துருக்கும். நான் எதுல தப்புப் பண்ணேன்? நான் போட்ட ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒக்காந்து திருப்பித் திருப்பிப் பாக்குறேன். எனக்குத் தெரியல. தப்பு இன்னதுன்னு தெரிஞ்சா திருத்திக்குவேன். வேற எடத்துக்குப் போகவே பயமா இருக்குண்ணே."

காளீஸ்வரி சுவரோரத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பாண்டியராஜன் அம்மாவைப் பார்த்தான். பெஞ்சின் மேல் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் சுசித்ராவைப் பார்த்தான்.

"நான்தான் குடுத்தேன்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கு வேலை போகல சுசித்ரா. இப்பவும் அங்கதான் இருக்கேன். அடுத்த வாரம் திரும்பிப் போகணும். ஒம் பேரக் குடுத்தது நான். மொதப் பேரே ஒன்னோடதுதான். நீ ஒரு தப்பும் பண்ணல. எல்லாரையும் விட நல்லா வேல பாத்தது நீதான்."

"அப்புறம் ஏண்ணே?"

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. "நாம ரெண்டு பேரும் ஊர்ப் பேச்சுப் பேசிக்குவோம்ல. அத வச்சு ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க. போடிக்காரனுக்கு போடிக்காரின்னு. ஒன்ன வச்சுக்கிட்டு வேற ஆளச் சொன்னா, ஊர்ப் பொண்ணக் காப்பாத்திட்டான்னு பேசுவாங்கன்னு பயந்தேன். அதான் ஒன்ன மொதல்ல சொன்னேன். 'இவங்க என் ஊர்தான், இருந்தாலும் சொல்றேன்'னு வேற சொன்னேன். நேர்மையான ஆளுன்னு மேல இருக்குறவங்க என்னப் பாராட்டுனாங்க." நிறுத்தினான். இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. "அப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

சுசித்ரா வெகுநேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அழவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அதுவும் இல்லை.

"என் மேல தப்பு இல்ல" என்றாள் கடைசியில், தன் அப்பாவைப் பார்த்து. "கேட்டீங்களாப்பா? என் மேல தப்பு ஒண்ணும் இல்லயாம்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்க ஊர்க்காரரா இல்லாம இருந்திருந்தா நான் இப்ப பெங்களூர்ல இருந்திருப்பேன்."

ஓட்டுநர் எழுந்தார். கோபத்தில் அவர் தாடை அசைந்தது. ஆனால் அய்யம்மாள் பக்கம் திரும்பியபோது குரல் மரியாதையாகவே இருந்தது. "நாங்க போயிட்டு வர்றோம்மா" என்று நன்றாகக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போனார். நாலு நாளில் அந்த வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போன முதல் ஆள் அவர்தான். காளீஸ்வரி அவர்கள் பின்னாலேயே நழுவினாள். இனித் தெருவுக்கு வேறு தொலைக்காட்சி தேவைப்படாது.

அய்யம்மாள் மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்துச் சாதிக் பாட்சாவைக் கூப்பிட்டாள். "பாய், இவனுக்கு வேல போகலயாம். பொய்யி. நாங்க ஒங்கள ஏமாத்திட்டோம். அந்த எடத்த டிரைவர் மகளுக்கே குடுங்க" என்றாள். நாங்கள் என்று அவள் தன்னையும் சேர்த்துச் சொன்னதுதான் பாண்டியராஜனை அதிகம் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அன்று முழுக்க அவனுக்கு நேரத்துக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. தெருவிலிருந்தும் ஒருவரும் வரவில்லை.

மறுநாள் காலையில் தேவாரத்திலிருந்து சோணை வந்தார். அய்யம்மாளுக்குத் தூரத்து அண்ணன் முறை, அவனுக்கு மாமா. எழுபது வயசு, காது மந்தம். பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். நடந்தது எதுவும் தெரியாமல், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உள்ளே வந்து பாண்டியராஜனைக் கட்டிக்கொண்டார்.

"மொத நாளே வந்துருக்கணும் மாப்ளே. நாலு நாளா ஆன எறங்கி மக்காச்சோளத்த நாசம் பண்ணுது. காவலுக்கு ஆளில்ல. மன்னிச்சுக்க. மனச விட்றாத, என்ன?"

"அண்ணே!" அய்யம்மாள் அவர் காதருகே வந்து கத்தினாள். "இவனுக்கு ஒண்ணும் ஆகல! துக்கம் இங்க இல்ல! ராசிங்காபுரத்துல, ஜீப்பு டிரைவர் வீட்டுல! அவரு மகளுக்குத்தான் வேல போச்சு! அங்க போயிக் கேளுங்க!"

சோணை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புடியா? சரி, நான் போற வழிதான. எறங்கிப் பாத்துட்டுப் போறேன்."

அய்யம்மாள் உள்ளே போய் இரண்டு கட்டைப்பைகளைக் கொண்டுவந்தாள். பெஞ்சின் மேல் இருந்த பாட்டில்கள், சாத்துக்குடி, பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் அதில் அடுக்கினாள். சோணையின் பாட்டிலையும் வைத்தாள். பைகளை மகனின் காலடியில் வைத்து, முந்தின நாள் காலையிலிருந்து அவனிடம் பேசாதவள் பேசினாள்.

"இதெல்லாம் நம்ம பொருளு இல்ல. அவுகளுக்கு வந்தது. கொண்டு போயிக் குடு. எல்லாரும் வந்து ஒன்னப் பாத்தாகள்ல? நீ போயி அந்தப் புள்ளையப் பாரு."

தேவாரம் பஸ்சில் கூட்டம். சந்தைக்கு வந்து திரும்புகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், தோட்டத்து ஆட்கள். எப்படியோ பின்பக்கத்தில் இரண்டு இடம் கிடைத்தது. பாண்டியராஜன் ஒரு பையை மடியிலும் இன்னொன்றைக் கால்களுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டான். வண்டி ஊரைத் தாண்டியதும் சோணைக்குப் பேச வேண்டும் போலிருந்தது. காது கேளாதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில் ஆரம்பித்தார்.

"டிரைவரு நல்ல மனுசன் மாப்ளே. அவரு மகளப் போயி எடுத்துருக்கானுகளே! எவன் எடுத்தது?"

முன் இருக்கைப் பெண் லேசாகத் திரும்பினாள்.

"நான்தான் மாமா" என்றான் பாண்டியராஜன்.

"என்ன?"

அவன் அவர் காதருகே குனிந்தான். "நான்தான்."

"யாரு? கேக்கல. சத்தமாச் சொல்லு. கம்பெனியில அந்தப் புள்ளைய எடுத்தவன் எவன்டா?"

இப்போது நடத்துநர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பாண்டியராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான்தான் மாமா எடுத்தேன்! அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல! நான்தான் எடுத்தேன்!"

சோணைக்குக் கேட்டுவிட்டது. பஸ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது. முன் இருக்கைப் பெண் அவன் முகத்தைப் பார்த்தாள், மடியில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். சோணை மெதுவாகத் தன் துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். யாரும் அவன் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. ராசிங்காபுரத்துக்கு இன்னும் பாதி வழி இருந்தது.